ஃபெர்மா கேச்: சராசரி எடுத்தால் பெட்டி கிடைக்காது

கேள்வி: ஜிபிஎஸ் வைத்து ஒளித்துவைத்த பெட்டியைத் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டில், கணித மேதை ஃபெர்மா பெயரில் ஒரு மிஸ்டரி கேச்; அதாவது புதிரை விடுவித்தால்தான் பெட்டி இருக்கும் இடம் தெரியும். ஒரு கோபுரம், ஒரு பாலம், ஒரு குன்று என மூன்று இடங்களின் ஆயத்தொலைவுகளைக் கொடுத்திருக்கிறார்கள். ‘மூன்று நண்பர்கள் ஆளுக்கொரு இடத்திலிருந்து கிளம்புகிறார்கள். மூவரும் நடக்கும் தூரத்தைக் கூட்டினால் மிகக் குறைவாக வரவேண்டும். எங்கே சந்திப்பார்கள்?’ இதுதான் குறிப்பு. மூன்றுக்கும் சராசரி எடுத்து, அங்கே போய்த் தேடியும் பெட்டி இல்லை. யாராவது எடுத்துவிட்டார்களா, என் கணக்கு தப்பா?

பதில்: கணக்குதான். சராசரி எடுத்தால் முக்கோணத்தின் நடுக்கோட்டு மையம் கிடைக்கும். தூரங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் குறைவாக வரும் புள்ளி அது. தூரங்களையே கூட்டிக் குறைவாக வரும் புள்ளி வேறு; அதுதான் ஃபெர்மா புள்ளி. அதைக் கண்டுபிடிக்கும்படி 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா விட்ட சவாலுக்கு விடை சொன்னவர் டாரிசெல்லி. பாதரச பாரமானிக்காக நாம் அறிந்த அதே டாரிசெல்லிதான்.

முதலில் கோணங்களைப் பாருங்கள். ஏதாவது ஒன்று 120 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் அந்த முனையே விடை. இல்லையென்றால் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் வெளிப்புறமாக ஒரு சமபக்க முக்கோணம் வரைந்து, அதன் புதிய முனையை எதிரே உள்ள பழைய முனையோடு சேருங்கள். மூன்று கோடுகளும் ஒரே இடத்தில் வெட்டும். இரண்டு கோடே போதும். மூன்றாவது நம் வரைதல் சரியா என்று பார்ப்பதற்கு.

பலர் சறுக்குவது இதற்கு முந்தைய படியில்தான். டிகிரி, நிமிடங்களை அப்படியே வரைபடத்தாளில் குறித்துவிடுகிறார்கள். அட்சரேகையில் ஒரு நிமிடம் எங்கேயும் ஏறக்குறைய 1,852 மீட்டர். தீர்க்கரேகையில் அது நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகச் சுருங்கி, 60 டிகிரி அட்சத்தில் பாதியாகிவிடும். அதனால் தீர்க்கரேகை வித்தியாசத்தை அந்த அட்சத்தின் கொசைனால் பெருக்கி மீட்டருக்கு மாற்றிய பிறகே வரையவேண்டும். சராசரிக்கு இந்தச் சுருக்கம் உறைக்காது. கோணத்தை நம்பியிருக்கும் ஃபெர்மா புள்ளிக்கு நன்றாகவே உறைக்கும்.

வரைய அலுப்பாக இருந்தால் 1937-இல் வைஸ்ஃபெல்ட் சொன்ன வழி இருக்கிறது. நீங்கள் எடுத்த சராசரியிலிருந்தே தொடங்கலாம். அங்கிருந்து மூன்று முனைகளுக்கும் உள்ள தூரத்தை அளந்து, ‘ஒன்றின் கீழ் தூரம்’ (1/தூரம்) என்பதை எடையாகக் கொடுத்து மறுபடி சராசரி எடுங்கள். வந்த புள்ளியை வைத்துத் திரும்பவும் அதையே செய்யுங்கள். எண்கள் அசையாமல் நிற்கும் இடம்தான் விடை. எக்செல் தாளில் சூத்திரத்தை இழுத்துவிட்டால் முடிந்தது.

கேச் பக்கத்தில் விடை சரிபார்ப்பான் இருந்தால் கிளம்புமுன் போட்டுப் பாருங்கள். சரியான விடையை அது மறுத்தால் பெட்டி வைத்தவரே மீட்டருக்கு மாற்றாமல் விட்டிருக்கலாம். டிகிரியிலேயே ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

களத்தில் ஒரு சோதனை உண்டு. விடை ஒரு முனையாக இல்லாதபோது, சரியான புள்ளியில் நின்றால் மூன்று இடங்களும் ஒன்றுக்கொன்று 120 டிகிரி விலகித் தெரியும்: திசைகாட்டியில் 20, 140, 260 டிகிரி என்பதுபோல. வித்தியாசத்தை மட்டுமே பார்ப்பதால் காந்த வடக்கா, உண்மை வடக்கா என்ற குழப்பமும் இல்லை. இரண்டு இடங்களுக்கு இடையே 120-க்கு மேல் வந்தால் அவற்றை இணைக்கும் கோட்டுக்கு மிகவும் நெருங்கி நிற்கிறீர்கள்; மூன்றாவது இடத்தை நோக்கி நகருங்கள். ஆனால் கையில் பிடிக்கும் திசைகாட்டி ஒரு டிகிரி பிசகினாலே 500 மீட்டரில் 9 மீட்டர் தள்ளிப்போகும். பெரிய தப்பைப் பிடிக்க மட்டும் அதை வைத்துக்கொண்டு, கடைசிச் சில மீட்டருக்கு ஜிபிஎஸ்ஸையும் பெட்டியின் குறிப்பையும் நம்புங்கள்.