பால்மரம் வெட்டுகிறவர் வீட்டு மாடு

வணக்கம் சார்,

அமேசான் காடு அழிவதற்கு முதல் காரணம் மாட்டு மேய்ச்சல்தான் என்று ஓர் ஆவணப்படத்தில் பார்த்தேன். அன்றிலிருந்து தோல் செருப்பு போடுவதை விட்டுவிட்டேன். இப்போது ‘காடு காக்கும் பண்ணை’ என்று ஒன்று சொல்கிறார்கள். காட்டை அழித்த பேராசைக்காரர்களே காட்டைக் காப்பார்களா? இது ஏமாற்று வேலை இல்லையா? மக்கள்தொகை குறையாமல் எந்தக் காடும் பிழைக்காது என்பது என் எண்ணம்.

கே., கோவை

அன்புள்ள கே.,

செருப்பு உங்கள் விருப்பம். மக்கள்தொகை பற்றிய வரியை மட்டும் அடித்துவிடுங்கள், கடிதம் நன்றாக இருக்கும். பிரேசிலின் ஆக்ரே மாநிலம் தமிழ்நாட்டைவிடப் பெரியது. அங்கே மொத்தமே பத்து லட்சம் பேர்கூட இல்லை. காடு அங்கேயும்தான் எரிகிறது.

பண்ணையைப் பற்றிக் கேட்டீர்கள். கொலம்பியாவில், நம் ஊரில் சவுண்டல் என்கிறோமே, அந்த மரத்தை மேய்ச்சல் நிலத்தில் நெருக்கி நட்டு, வேலி போட்டு, மாட்டை இடம் மாற்றி மாற்றி மேய்க்கிறார்கள். அதே நிலத்தில் கூடுதல் மாடு மேயும், மண்ணும் கெடாது. ஏமாற்று இல்லை, வேலை செய்கிற முறைதான். ஆனால் முதல் போட வேண்டும், கையில் பட்டா இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவர்களைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை. அவர்களையும் சேர்த்துத்தான் பேராசைக்காரர்கள் என்று எழுதிவிட்டீர்கள்.

பெரிய பண்ணைக்காரர்களுக்கு அந்தச் சொல் பொருந்தும், மறுக்கவில்லை. காட்டை எரித்து, புல் விதைத்து, நாலு மாட்டை விட்டால் நிலம் புழக்கத்தில் இருப்பதாகக் காட்டிப் பின்னால் உரிமை கேட்கலாம். அது நிலம் பிடிக்கிற வேலை. ஆனால் சிக்கோ மெண்டிஸின் கதையைப் பாருங்கள். ஆக்ரேயின் ஷாப்புரி ஊர்க்காரர், காட்டில் ரப்பர் பால் எடுத்துப் பிழைத்தவர். பண்ணைக்காரர்கள் காட்டை வெட்ட ஆள் அனுப்பியபோது, பெண்டு பிள்ளைகளோடு போய்க் குறுக்கே நின்றவர்களின் தலைவர். 1988 டிசம்பர் 22 அன்று வீட்டின் பின்வாசலில் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். ஒரு பண்ணைக்காரரும் அவர் மகனும் அதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். 1990ல் மெண்டிஸ் பெயரில் ஒன்பது லட்சம் ஹெக்டேருக்கு மேல் காட்டை ஒதுக்கினார்கள். நிலம் அரசுடையது, குடியிருப்பவர்கள் பால் எடுக்கலாம், பிரேசில் கொட்டை பொறுக்கலாம்.

இன்று அந்தக் காட்டுக்குள்ளும் மாடு மேய்கிறது. வெளியாட்களின் மாடு மட்டும் இல்லை. பால் எடுத்த குடும்பங்களே வளர்க்கின்றன. அவர்களுக்கெல்லாம் ஒரே ராத்திரியில் பேராசை வந்துவிட்டதா?

என் அப்பத்தா மலாயாவில், பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்; வெட்டுவது என்றால் சாய்ப்பதில்லை, பட்டையைக் கீறிப் பால் வடிய விடுவது. விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் வரிசைக்கு நின்று, நிரை நிரையாக மரம் வெட்டி, மங்கு என்கிற கிண்ணத்தில் வடிந்த பாலை வாளியில் ஊற்றி, தோளில் வைக்கிற காண்டாக் கம்பில் தூக்கி வருவார். வெட்டுக்காயத்தில் உறைந்த ஒட்டுப்பாலை நகத்தால் நெம்பி, ஒரே இழுப்பில் நாடாவாக உரிப்பது எப்படி என்று எனக்குக் கையசைத்துக் காட்டியிருக்கிறார். கூலியைப் பற்றிப் பேசினால் வாயில் வசவுதான் வரும். மாட்டைப் பற்றிப் பேசினால் குரலே மாறிவிடும். லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாடு வைத்திருந்தார். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, அன்றைக்குக் கூலி கிடையாது. மாடு மழையிலும் கறக்கும். அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது ஒரு கிடேரி விற்ற காசில். அவருக்குத் தெரிந்த வங்கி அந்த மாட்டுக் கொட்டகைதான்.

அந்தத் தோட்டத்து மரமே அமேசானிலிருந்து போனது. 1876ல் விக்காம் என்ற ஆங்கிலேயர் அள்ளிப்போன விதை, லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தது. நம் ஆட்கள் அரைவயிற்றுக் கூலிக்கு இறக்கிய பால், காட்டுக்குள் அலைந்து எடுத்த அமேசான்காரரின் சந்தையை 1910களில் கவிழ்த்துவிட்டது. யார் வயிற்றில் யார் அடித்தார்கள் என்று என் அப்பத்தாவுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

அமேசானில் ரப்பரை நிரையாக நடவும் முடியாது. இலைக்கருகல் வந்து தோட்டமே போய்விடும்; ஃபோர்டு கம்பெனியே நட்டுத் தோற்றது. மரம் காட்டில் சிதறித்தான் நிற்கும். கருக்கலில் கிளம்பி நூறு, நூற்றைம்பது மரத்தைக் கீறிக்கொண்டே ஒரு சுற்று, பால் எடுக்க மறுபடி ஒரு சுற்று. பிரேசில் கொட்டை மரத்தை வெட்டச் சட்டம் விடாது என்பதால் சுற்றிலும் எரித்துவிட்டு, மேய்ச்சல் நிலத்தில் அதை ஒற்றையாக விட்டுவைப்பார்கள். அதன் பூவின் இறுகிய மூடியைத் தள்ளிக்கொண்டு நுழையப் பெரிய காட்டுத் தேனீ வேண்டும். காடு போனால் தேனீ போயிற்று, காய்ப்பும் போயிற்று. காடு இல்லாமல் பிழைப்பில்லை என்பது இவர்களுக்கு நாம் வகுப்பெடுத்துத் தெரிய வேண்டிய விஷயமா?

கொட்டைக் காசு வருஷத்தில் சில மாதம்தான். மழைக்காலத்தில் காய் தானாக விழ வேண்டும். ஒரு காய் இரண்டு கிலோகூட இருக்கும், தலையில் விழுந்தால் ஆள் காலி. அதனால் விழுந்து ஓயும்வரை காத்திருந்து பொறுக்குவார்கள். பிறகு வியாபாரி சொல்வதுதான் விலை. மாட்டுக்கு எந்த மாதமும் ஆள் வருவான். ரோடு இல்லாவிட்டால் அது நடந்தே சந்தைக்குப் போய்விடும். கொட்டை மூட்டை நடக்குமா? குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் எதை விற்பது என்பதற்கு உங்கள் ஆவணப்படத்தில் பதில் இருந்ததா, கே.?

ஆக்ரே அரசு இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டது. 1999ல் காட்டு ரப்பருக்குக் கிலோ கணக்கில் மானியம் கொடுக்கச் சட்டம் போட்டார்கள். 2008ல் ஷாப்புரியிலேயே காட்டுப் பாலில் ஆணுறை செய்யும் ஆலை திறந்தார்கள். சிரிக்காதீர்கள், பிரேசில் அரசே வாங்கி இலவசமாக வழங்கியது. வாங்க ஆள் உண்டு, விலை இன்னது என்று முன்கூட்டித் தெரிந்தால் மனிதர் காட்டுக்குள் போவார். அதனால் மாட்டை விற்றுவிடுவார் என்று நான் சொல்லவில்லை. கூலி உயர்ந்த பிறகும் அப்பத்தா மாட்டை விற்கவில்லை. மூன்றாவது மாடு வாங்கவில்லை, அவ்வளவுதான்.

அன்புடன்.