டியூன் செய்த பிறகு சீஸ் ஆன இன்ஜின்: விற்றவர் பொறுப்பா, மெக்கானிக் பொறுப்பா?

கேள்வி: வத்தலக்குண்டில் வசிக்கிறேன். மண்பாதையில் ஓட்டுவதற்காக 2013இல் பதிவான ஹீரோ இம்பல்ஸ் 150 வைத்திருக்கிறேன். ‘ஒரிஜினல் கெய்ஹின் பிடபிள்யூகே 28’ என்று விளம்பரம் செய்த வெளிமாநில இணையக் கடை ஒன்றில் 7,800 ரூபாய்க்கு, காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டர் வாங்கினேன். கொடைக்கானலில் ஒரு மெக்கானிக் அதைப் பொருத்தி, ஜெட் (பெட்ரோல் அளவை நிர்ணயிக்கும் சிறு துளையுள்ள பாகம்) மாற்றி, டியூன் செய்தார். 2,500 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன், பில் தரவில்லை. மலையில் இரண்டு வாரம் அருமையாக ஓடியது. பிறகு மதுரைக்குப் போகும்போது நான்குவழிச் சாலையில் இன்ஜின் சீஸ் ஆகி, பிஸ்டன் இறுகி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்த வேறொரு மெக்கானிக், பிஸ்டனும் சிலிண்டரும் போய்விட்டன, 18,600 ரூபாய் ஆகும், கார்பரேட்டரே டூப்ளிகேட் என்கிறார். கடைக்காரரோ ‘டியூன் செய்ததில்தான் தவறு, டியூனிங் பாகங்களைத் திரும்பப் பெற மாட்டோம்’ என்கிறார். கொடைக்கானல் மெக்கானிக் ‘போலிப் பொருளைக் கொண்டுவந்தது நீங்கள்’ என்கிறார். வண்டியை மாற்றியதே சட்டவிரோதம், புகார் கொடுத்தால் நான்தான் மாட்டுவேன் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். கார்பரேட்டர் மாற்றிய பிறகு எடுத்த புகைச் சான்று கையில் இருக்கிறது. இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பதில்: சட்டப் பிரிவுகளுக்குப் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிலிண்டரைப் போர் போட (உட்புறத்தைக் கடைந்து சரிசெய்ய) கொடுத்துவிடாதீர்கள். உருகிய பிஸ்டன், கீறல் விழுந்த சிலிண்டர், ஸ்பார்க் பிளக், கார்பரேட்டர், அதற்குள் இப்போது இருக்கும் மெயின் ஜெட்டும் பைலட் ஜெட்டும், பெட்ரோல் வழியைக் கட்டுப்படுத்தும் ஊசியான நீடிலின் கிளிப் எந்தப் பள்ளத்தில் நிற்கிறது என்பது உட்பட எல்லாமே உங்கள் வழக்கின் சாட்சிகள். வண்டியை உடனே ஓட வைத்தாக வேண்டுமென்றால் வேறு சிலிண்டர் செட் போட்டுக்கொள்ளுங்கள். பழையதை உறையிலிட்டு, படமெடுத்து, தேதி எழுதிப் பத்திரப்படுத்துங்கள். யாரும் கார்பரேட்டரை மறுபடி ‘கிளீன்’ செய்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம், நீங்கள் சொல்லும் நிகழ்வுகளின் வரிசையிலேயே ஒரு தடயம் இருப்பதுதான். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைவதால் சமவெளிக்குப் பொருத்தமான ஜெட் மலையில் ரிச் ஆக, அதாவது பெட்ரோல் மிகுந்ததாகத் தெரியும். அதைச் சரிசெய்யச் சிறிய மெயின் ஜெட் போடுவார்கள். அதே சிறிய ஜெட்டுடன் வண்டி கீழே இறங்கினால், அடர்ந்த காற்றுக்கு ஈடான பெட்ரோல் கிடைக்காமல் கலவை லீன் ஆகிவிடும். முக்கால் திராட்டிலுக்கு (ஆக்ஸிலரேட்டர் முறுக்கலுக்கு) மேல் பெட்ரோலின் அளவை நிர்ணயிப்பது பெரும்பாலும் மெயின் ஜெட்தான் என்பதால், காட்டுப் பாதையில் விட்டுவிட்டுத் திராட்டில் கொடுக்கும்போது தெரியாத குறை, நான்குவழிச் சாலையில் நீண்ட நேரம் முழுத் திராட்டிலில் போகும்போது பிஸ்டனை உருக்கும் அளவுக்குச் சூட்டைக் கிளப்பலாம். பிளக்கின் முனை வெளுத்துப் போயிருந்தால் இந்த ஊகம் மேலும் வலுப்படும். ஆகவே சமவெளியிலும் ஓட்டப்போவதாக மெக்கானிக்கிடம் சொன்னீர்களா, இறங்கியதும் ஜெட் மாற்ற வேண்டும் என்று அவர் உங்களை எச்சரித்தாரா என்பவை முக்கியமான கேள்விகள். வத்தலக்குண்டுக்காரர் என்று தெரிந்தும் மலைக்கு மட்டும் டியூன் செய்துவிட்டு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அனுப்பியிருந்தால், அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் பிரிவு 2(11) சொல்லும் சேவைக் குறைபாடு என்று வலுவாக வாதிடலாம். பில் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். பில் தராததே பிரிவு 2(47)இன்படி முறையற்ற வணிக நடைமுறைதான். ஜிபே பதிவும், அவருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடலும் சேவை நடந்ததைக் காட்டப் போதுமானவை.

ஆனால் மெக்கானிக்கின் எதிர்வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. போலிக் கார்பரேட்டர்களுடன் வரும் ஜெட்களில் பொறித்திருக்கும் எண்ணும் உண்மையான துளை அளவும் பொருந்தாமல் போவதுண்டு. எண்ணை நம்பி ஜெட் தேர்ந்தெடுத்தவர் நேர்மையாகவே ஏமாந்திருக்கலாம். இதைப் பேசித் தீர்க்க முடியாது, அளந்துதான் தீர்க்க வேண்டும். சோதனை இல்லாமல் குறையைக் கண்டறிய முடியாது என்ற நிலையில், பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதே சட்டத்தின் பிரிவு 38(2)(c) அதிகாரம் தருகிறது. அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். கடைக்காரரையும் மெக்கானிக்கையும் ஒரே புகாரில் முதலாம், இரண்டாம் எதிர்தரப்பினராகச் சேர்த்து, இதற்கென ஒரு மனுவையும் உடன் தாக்கல் செய்யுங்கள். ஒருவரை மட்டும் சேர்த்தால், அவர் இல்லாத மற்றவர் மீது பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்கவே வழி தேடுவார்.

கடைக்காரர் விஷயத்தில், வண்டி சீஸ் ஆகாமலே இருந்திருந்தாலும் உங்களுக்கு வழக்கு உண்டு. அசல் என்று சொல்லிப் போலியை விற்பது, விவரிப்பின்படி விற்பனை செய்ய வேண்டும் என்ற 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 15க்கு முரணானது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(43) வரையறுக்கும் போலிப் பொருளும் இதுதான். ‘திரும்பப் பெற மாட்டோம்’ என்று அவரே எழுதிவைத்த நிபந்தனை அவரைக் காப்பாற்றாது. ஆனால் விளம்பரப் பக்கத்தை ஒருமுறை கவனமாகப் படித்துப் பாருங்கள். ‘ஒரிஜினல்’ என்று எழுதியிருக்கிறதா, அல்லது ‘பிடபிள்யூகே டைப்’ என்று நழுவலாக எழுதியிருக்கிறதா? இரண்டாவது என்றால் போலி என்ற குற்றச்சாட்டு தளர்ந்துவிடும். பக்கம் மாறுவதற்கு முன் இன்றே திரைப்பதிவு எடுத்து, பாரதிய சாட்சிய சட்டம் 2023இன் பிரிவு 63 கேட்கும் சான்றிதழுடன் வைத்துக்கொள்ளுங்கள். போலி என்பதற்கு உள்ளூர் மெக்கானிக்கின் வாய்வார்த்தை போதாது. கெய்ஹின் 2021இல் ஹிட்டாச்சி ஆஸ்டெமோவுடன் இணைந்துவிட்டதால், அந்த நிறுவனத்துக்குப் படங்களுடன் எழுதிக் கேட்டு, எழுத்துப்பூர்வமாகப் பதில் வாங்குவது நல்லது.

இன்ஜினுக்கு ஏற்பட்ட சேதத்தைக் கடைக்காரரிடம் கேட்கும்போது அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பொருள் சார்ந்த பொறுப்பு என்ற ஆறாம் அத்தியாயத்துக்குள் வரும். அங்கே ‘தீங்கு’ என்பது பழுதான அந்தப் பொருளை விட்டுவிட்டு வேறு சொத்துக்கு வந்த சேதத்தைக் குறிக்கிறது. கார்பரேட்டர் அவர் விற்றது, இன்ஜின் உங்களுடையது என்பதால் இது உங்களுக்குச் சாதகம். உற்பத்தியாளர் யார் என்றே தெரியாதபோது விற்றவரே பொறுப்பேற்க வேண்டும் என்று பிரிவு 86 சொல்கிறது. போலிப் பொருளில் நிலைமை பெரும்பாலும் அதுதான். அவர் பிடித்துக்கொள்ளப்போவது பிரிவு 87ஐ: பொருள் மாற்றப்பட்டிருந்தாலோ தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ விற்பனையாளர் மீது நடவடிக்கை இல்லை. ஜெட் மாற்றுவதற்கென்றே விற்கப்படும் ஒரு கார்பரேட்டரில் ஜெட் மாற்றியது பொருளை மாற்றியதாகாது, அதன் இயல்பான பயன்பாடே என்பது என் கருத்து. காற்றின் வழியைத் திறந்து மூடும் ஸ்லைடை அராவியிருந்தாலோ, கார்பரேட்டரின் உடலில் துளை போட்டிருந்தாலோ இந்த வாதம் நிற்காது.

இனி நண்பர்களின் பயமுறுத்தல். அது முழுப் பொய்யல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் மூல விவரக்குறிப்புகளிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது, கே. ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4), அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஆர்சி புத்தகத்தில் கார்பரேட்டரின் பெயரே இல்லை, சிசியும் மாறவில்லை, வண்டியின் அடிப்படை அம்சம் மாறவில்லை என்று வாதிட இடமுண்டு. ஆயினும் புகை அளவுக்காகச் சோதித்து ஒப்புதல் பெற்ற அமைப்பின் ஒரு பாகம் அது என்பதால், அந்த வாதத்தை நம்பிச் சாலையில் ஓட்டும்படி என் கட்சிக்காரருக்கு நான் சொல்ல மாட்டேன். பதிவெண் உள்ள வண்டிக்கு ‘ஆஃப்-ரோடுக்கு மட்டும்’ என்று தனிச் சலுகை எதுவும் இல்லை. மதுரைச் சாலையில் ஓட்டிய பிறகு அதைச் சொல்லவும் முடியாது. பழைய கார்பரேட்டரை மாட்டிவிட்டு வண்டியை வெளியே எடுங்கள்.

கையில் உள்ள புகைச் சான்றும் இங்கே உதவாது. உங்கள் காலத்து நான்கு ஸ்ட்ரோக் இருசக்கர வண்டிகளுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளின் விதி 115 வகுத்திருக்கும் 3.5 சதவீதக் கார்பன் மோனாக்சைடு, 4,500 பிபிஎம் ஹைட்ரோகார்பன் என்ற வரம்புகள் ஐட்லிங்கில், அதாவது வண்டி நிற்கையில் இன்ஜின் மெதுவாக ஓடும்போது அளக்கப்படுபவை. ஐட்லிங்கைத் தீர்மானிப்பவை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும்; மெயின் ஜெட் அந்தச் சோதனையில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எனவே அந்தச் சீட்டு, மாற்றம் சட்டப்படியானது என்பதையும் காட்டாது, டியூனிங் சரி என்பதையும் காட்டாது.

இருந்தாலும் இந்த மீறல் உங்கள் நுகர்வோர் புகாரை அழித்துவிடாது. கார்பரேட்டரை விற்பது குற்றமல்ல. அசல் என்ற உறுதிமொழி, நீங்கள் அதை எந்த வண்டியில் மாட்டினீர்கள் என்பதைச் சார்ந்ததும் அல்ல. புகாரை உறுதிமொழிப் பத்திரத்துடன் தாக்கல் செய்வதால், ‘பந்தயத் தடத்துக்காக வாங்கினேன்’ என்பதுபோன்ற கதைகளைச் சேர்க்காமல் நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். இழப்பீட்டுத் தொகையைக் கொஞ்சம் குறைக்க எதிர்தரப்புக்கு அந்த உண்மை உதவலாம். பொய் பிடிபட்டால் முழுவதுமே போகும்.

இன்சூரன்ஸை மறந்துவிடுங்கள். இயந்திரப் பழுது, தேய்மானம் ஆகியவை வழக்கமான வாகனப் பாலிசியில் விலக்கப்பட்டவை. கார்பரேட்டர் மாற்றாமல் இருந்திருந்தாலும் சீஸ் ஆனதற்குப் பணம் வராது.

முதலில் இருவருக்கும் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். மின்வணிக விதிகள் 2020இன்படி, இணையக் கடையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அது நடக்காவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். புகார்தாரர் வசிக்கும் இடத்தில் தாக்கல் செய்ய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34 அனுமதிப்பதால், கடை வெளிமாநிலத்தில் இருப்பது தடையல்ல. உங்கள் தொகைக்கு ஆணையக் கட்டணமும் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டுகள். கார்பரேட்டரின் விலை, டியூனிங் கூலி, இன்ஜின் செலவு, ஆய்வகக் கட்டணம், மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை ஆகியவற்றைக் கேளுங்கள். லட்சக்கணக்கில் எழுதிவைத்தால் ஆணையம் சந்தேகத்துடன் படிக்கத் தொடங்கும். சமரசத்துக்கு அனுப்பப்பட்டு, கடைக்காரர் கார்பரேட்டர் விலையை மட்டும் திருப்பித் தர முன்வந்தால், அந்தத் தொகை இன்ஜின் கோரிக்கையையும் சேர்த்து முடிப்பதாக ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். கார்பரேட்டரைத் திருப்பிக் கேட்டாலும், ஆய்வு முடியும்வரை கொடுக்காதீர்கள்.