அங்கன்வாடி உணவை முடிவு செய்வது யார்?

அங்கன்வாடியில் என்ன சமைப்பது என்பதை அங்குள்ள பணியாளரே முடிவு செய்கிறாரா என்று கேட்டிருக்கிறீர்கள், பெரும்பாலும் இல்லை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, 3 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைக்குக் காலைச் சிற்றுண்டியும் சூடாகச் சமைத்த உணவும் சேர்த்து நாளொன்றுக்கு 500 கிலோ கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும் என்று வரையறுத்தது. கலோரிக் கணக்கை அரிசியைக் கூட்டியே எட்டிவிடலாம் (சிக்கனம் பார்ப்பவர் அதைத்தான் செய்வார்). புரத வரம்பு இருப்பதால்தான் பருப்பும் பயறும் தட்டுக்கு வருகின்றன. 2023இல் அட்டவணை திருத்தப்பட்டபோது இரும்பு முதலிய நுண்சத்துகளும் சேர்க்கப்பட்டன.

முட்டை தருவதா என்பது மாநில அரசின் முடிவைப் பொறுத்தது. தமிழ்நாடு 2 வயதைக் கடந்த குழந்தைகளுக்கு வாரம் 3 முட்டை வழங்குகிறது. மத்தியப் பிரதேசத்திலோ 2015இல் முட்டை வழங்கும் யோசனையை அன்றைய முதலமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் ஏற்க மறுத்தார்.