மணலாகக் கிடக்கும் ஆறு

கேள்வி: சித்திரையில் திருவையாறு வந்தேன். காவிரிக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். இதுவா ஜீவநதி?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, நானும் அந்த மணலில் ஆடியவன்தான். எங்களுக்கு ஆறு என்பது மேட்டூர் கதவு. வழக்கப்படி ஜூன் 12-இல் திறப்பு, ஜனவரி 28-இல் மூடல். குடகில் தென்மேற்குப் பருவமழை பிடித்து, கர்நாடக அணைகள் நிறைந்து, மிச்சம் இறங்கினால்தான் மேட்டூர் நிரம்பும். பல வருஷம் அந்தத் தேதியே தப்பிப்போகும், குறுவை நெல் சாகுபடியும் கூடவே போகும்.

திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே சில நாளாகும். முதல் தண்ணீரைப் பார்த்திருக்கிறீர்களா? பாயாது. மணல் குடித்தது போக மிச்சம், நுரையும் சருகுமாக ஊர்ந்து வரும். அதற்கு முன்னால் எறும்புகள் ஓடும். அப்பா ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வார், செருப்பைக் கழற்றிவிட்டு.

அன்று முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று. இப்போது தோண்ட மணலே இல்லாத இடங்களும் உண்டு.

ஆடிப்பெருக்குக்கு வாருங்கள். கிளம்புமுன் மேட்டூர் நீர்மட்டம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.