எல்லவில் விடுதி: மண்ணை வெட்டுமுன்

நண்பரே, இலங்கையின் மலைநாட்டு ஊரான எல்லவில் 20 பேர்ச் (சுமார் 500 சதுர மீற்றர்) காணியில் ஆறு அறை விடுதி கட்டப் போகிறீர்கள். "விதிகளைத் தளர்த்துகிறார்கள், மண்ணை வெட்டத் தொடங்குங்கள், அறிக்கையைப் பிறகு எடுக்கலாம்" என்கிறாராம் தரகர். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். எல்ல இருக்கும் பதுளை, மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம். பிரதேச சபைக்கு வரைபடம் போகுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கையில் இருக்க வேண்டும்.

விதிகளைத் தளர்த்தி, கோப்பு மேசைக்கு மேசை அலைவதைக் குறைக்கட்டும், எனக்கும் சந்தோஷம்தான். மலையின் சரிவை யார் குறைப்பது? 2014 அக்டோபர் 29 காலை இதே மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயன்கள் (வரிசை வீடுகள்) மண்சரிவில் புதைந்தன. எச்சரிக்கை முன்பே இருந்தது.

நல்ல மழை பெய்த மறுநாள் காணியின் கீழ்வரம்பில் நின்று பாருங்கள். மரங்கள் அடியில் வளைந்திருக்கின்றனவா? நேற்றுவரை காய்ந்திருந்த இடத்தில் நீர் கசிகிறதா? இரண்டும் மண் நகர்வதன் அறிகுறியாக இருக்கலாம். எங்கள் வீட்டில் மண்ணைத் தாங்கும் அணைசுவரில் நீர் வடியத் துளை வைக்காமல் விட்டோம். ஐப்பசி மழையில் சுவர் வயிறு தள்ளி நின்றது. இடித்துத் திரும்பக் கட்டினோம்.

அறிக்கை வந்தபின் வரைபடம் கீறுபவரிடம் போங்கள். ஆறு அறை நான்காகக் குறையவும் கூடும்.