பழைய ட்ரோனை விற்கப் போகிறேன். மெமரி கார்டை எடுத்துவிட்டால் போதுமா?

போதாது. நீங்களும் என்னைப் போலக் கல்யாண வீடியோ எடுப்பவராகத்தான் இருப்பீர்கள். புது மாடலுக்குப் பணம் வேண்டும், பழையதைச் சீக்கிரம் தள்ளிவிட வேண்டும். நானும் அந்த அவசரத்தில்தான் விற்றேன்.

எனக்குத் தண்டையார்பேட்டை. இரண்டு வருடம் ஓட்டிய டிஜேஐ ஏர் 2எஸ் ட்ரோன், அதற்கென்றே வைத்திருந்த டேப்லெட், இரண்டையும் சேர்த்துப் பெரம்பூர் பையன் ஒருவனுக்குக் கொடுத்தேன். வியாபாரம் முடிந்தது டீக்கடையில். கார்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான் வேலை என்று நினைத்தேன். மறுநாள் ராத்திரி போன் வந்தது. "அண்ணா, உங்க வீட்டு மாடில டேங்க் பக்கத்துல நின்னுதான ஏத்துவீங்க?"

அவன் என் வீட்டைப் பார்த்ததே இல்லை.

அப்போதே பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். நல்ல பையன், மறைக்காமல் டேப்லெட்டைத் திறந்து காட்டினான். ட்ரோனை ஓட்டுகிற செயலியில் என் கணக்கிலிருந்து நான் வெளியே வரவே இல்லை. நான் பறக்கவிட்ட ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், வரைபடத்தோடு வரிசையாக இருந்தது. ட்ரோன் கிளம்பும் இடத்தை 'ஹோம் பாயிண்ட்' என்று குறித்துக்கொள்கிறது. பழகுவதற்காக என் மாடியிலிருந்தே பலமுறை ஏற்றியிருக்கிறேன், அத்தனை புள்ளியும் ஒரே கூரையில் குவிந்து கிடந்தன.

அதுகூடப் பரவாயில்லை. படம் பிடிக்கும்போதே செயலி டேப்லெட்டில் ஒரு தரம் குறைந்த நகலைச் சேமித்து வைக்கும். அதில் வியாசர்பாடியில் எடுத்த மஞ்சள் நீராட்டு விழா ஒன்று அப்படியே இருந்தது. மாடியில் நாற்காலி, அதில் தலை குனிந்து அந்தக் குழந்தை, சுற்றி அத்தைமார்கள். தரம் குறைவுதான், ஆனால் முகம் தெரிந்தது. அந்த அம்மா என்னிடம், "தம்பி, இது எங்க வீட்டுக்கு மட்டும், வெளில போடாதீங்க" என்று சொல்லியிருந்தார். சரிம்மா என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் சொல்கிறேன். முதலில் செயலிக்குள் போய், ட்ரோனை உங்கள் கணக்கிலிருந்து நீக்குங்கள். இல்லையென்றால் வாங்குகிறவர் தன் கணக்கில் சேர்க்கவும் முடியாது. அப்புறம் ட்ரோனுக்குள்ளேயே சேமிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஏர் 2எஸ்ஸில் 8 ஜிபி இருக்கிறது, அதைத் தனியாக ஃபார்மேட் செய்ய வேண்டும். டேப்லெட்டையும் சேர்த்துக் கொடுப்பதானால் முழுவதுமாக ரீசெட் செய்துவிட்டே கொடுங்கள். பதிவு எண் வாங்கிய ட்ரோன் என்றால் பெயர் மாற்றாமல் கைமாற்றாதீர்கள். 2021 ட்ரோன் விதிகளில் அதற்கு டி-3 படிவம் இருக்கிறது. நாளைக்கு அவர் எங்காவது தடை செய்த இடத்தில் ஏற்றினால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

படம் அனுப்பும்போதும் கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாகப் போனால், எங்கே எடுத்தது என்று படத்துக்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பு கழன்றுவிடும். தரம் குறையக் கூடாது என்று டாக்குமெண்டாக அனுப்பினால் அதுவும் சேர்ந்தே போகும். ட்ரோன் செயலியில் வீடியோ கேப்ஷனை ஆன் செய்திருந்தால், வீடியோவோடு எஸ்ஆர்டி என்று ஒரு சப்டைட்டில் கோப்பும் வரும். அதை நோட்பேடில் திறந்து பாருங்கள், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் வரி வரியாக இருக்கும்.

"உன் வீட்டை யாரய்யா தேடி வரப் போகிறான்" என்று கேட்க ஆள் வருவார்கள், தெரியும். என் வீட்டில் கேமரா, லென்ஸ் என்று மூன்று லட்சத்துக்குப் பொருள் இருக்கிறது. முகூர்த்த நாளில் நான் எந்த ஊர் மண்டபத்தில் இருந்தேன் என்பதும் டேப்லெட்டில் இருந்த அதே பட்டியலில் இருந்தது. திருடனுக்கு வேறென்ன வேண்டும்? கம்பெனி மேல் பழி போடவும் இல்லை. அழிக்க வேண்டியது நான், அழிக்காமல் விட்டதும் நான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. காசிமேடு பக்கம் ட்ரோனோடு வெளியாட்கள் வருகிறார்கள். மீனவர் குடியிருப்புக்கு மேலே தாழ்வாக ஓட்டி, பின்கட்டில் பாத்திரம் துலக்குகிற பெண்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய், ரவுடி ஏரியா என்று தலைப்பு வைத்துப் போடுகிறார்கள். ஒருவரிடமும் கேட்பதில்லை. அடுத்த வாரம் நான் காதுகுத்துக்குப் போனால் என்னைத் தெருமுனையிலேயே நிறுத்தி, "யார் வீட்டை எடுக்கப் போற?" என்று கேட்கிறார்கள். கேட்கத்தான் செய்வார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை.

போன மாதம் திருவொற்றியூரில் ஒரு நிச்சயதார்த்தம். ஏற்றுவதற்கு முன் அக்கம்பக்கத்து மூன்று வீட்டிலும் கதவைத் தட்டிச் சொன்னேன். ஒரு பாட்டி, "கொஞ்சம் இருப்பா" என்று மாடியேறிப் போய், கொடியில் காய்ந்த துணியையெல்லாம் உருவிக்கொண்டு இறங்கி வந்தார். "இப்ப விடு" என்றார்.