பினாங்கிலிருந்து காரில் ஹட்யாய் போக ஐசி போதுமா?

கேட்டவர் சொன்ன விவரம் இது: பினாங்கில் குடியிருக்கிறார்கள், பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு காரிலேயே தென் தாய்லாந்து நகரமான ஹட்யாய் போக ஆசை. ஐசியை, அதாவது மலேசிய அடையாள அட்டையைக் காட்டினால் விடுவார்களா, பாஸ்போர்ட் எடுத்தே ஆக வேண்டுமா? கார் மாமனார் பெயரில் இருக்கிறது. கூட வரும் அத்தைக்குச் சிவப்பு ஐசி, அதாவது நிரந்தரவாசி அட்டை.

ஐசி போதாது. ஆளுக்கு ஒரு பாஸ்போர்ட் வேண்டும், கைக்குழந்தைக்கும் சேர்த்து. அதில் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடிக் காலம் மிச்சம் இருக்கட்டும். குறுகிய சுற்றுலாவுக்கு மலேசியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை. உங்கள் கேள்வியில் இது சுலபமான பகுதி. காரும் அத்தையும்தான் உங்களுக்கு உண்மையான வேலை, அதற்கு வருகிறேன்.

"ஐசியிலேயே போய்விட்டு வரலாம்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். காப்பிக் கடையில் இந்தக் கதை ஓயாமல் ஓடுகிறது. கெடா, பெர்லிஸ் மாதிரி எல்லையோர மாநிலங்களில் இருப்பவர்களுக்கு பார்டர் பாஸ் என்று ஒன்று உண்டு. அதை வைத்துக்கொண்டு தாய்லாந்தின் தென்பகுதிக்குப் போய் வருவார்கள். அலோர் ஸ்டாரில் இருக்கும் மச்சான் பாஸ்போர்ட் இல்லாமல் போய் வந்தார் என்றால் பொய்யாக இருக்காது. பினாங்கு எல்லையோர மாநிலம் இல்லை, ஆகவே நமக்கு அது கிடையாது. சபா, சரவாக் போக ஐசி போதும் என்பதையும் சிலர் இதோடு போட்டுக் குழப்புகிறார்கள். அது நம் நாட்டுக்குள்ளேயே நடக்கும் பயணம்.

நம் ஐசி எண்ணைப் பார்த்தாலே உள்ளூர் அதிகாரி பாதி ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம்: பினாங்கு என்றால் 07, கோலாலம்பூர் என்றால் 14. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். எல்லைக்கு அப்பால், தாய்லாந்தின் சாடாவ் குடிநுழைவு முகப்பில் இதை யாரும் படிக்கப் போவதில்லை. அதற்காக வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். மலேசிய எல்லைக்குள் இருக்கும்வரை அதைக் கையில் வைத்திருப்பது சட்டம். அந்தப் பக்கம் பாஸ்போர்ட் தொலைந்துபோனால் சொங்க்லாவில் இருக்கும் மலேசியத் துணைத் தூதரகத்துக்குத்தான் ஓட வேண்டும். அங்கே ஐசி இருந்தால் நீங்கள் யார் என்று நிரூபிக்கும் வேலை பாதியாகக் குறையும்.

பாஸ்போர்ட் போக இன்னொன்றும் வேண்டும். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லாரும் மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். விமானம், கப்பல், சாலை எதில் போனாலும் இதே விதிதான். போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம். கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது தாய்லாந்து குடிநுழைவுத் துறையின் தளம் இல்லை, மூடிவிடுங்கள். எல்லைக்கு முன்னால் நம் பக்கம் இருக்கும் சங்லூன் ஊர்க் கடைகளில் சில வெள்ளிக்கு (ரிங்கிட்) நிரப்பித் தருவார்கள். கைப்பேசியில் தட்டத் தெரியாத பெரியவர்களுக்கு அது சரி. உங்களுக்கு வேண்டாத செலவு.

இந்தப் படிவத்தில் நம்மாட்களைத் திணறடிப்பது பெயர். குடும்பப் பெயர் ஒரு கட்டம், சொந்தப் பெயர் இன்னொரு கட்டம் என்று இருக்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? நம் பெயர், ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), அப்புறம் அப்பா பெயர். புருஷனுக்கு அவர் அப்பா பெயர், மனைவிக்கு அவள் அப்பா பெயர், பிள்ளைக்கு இவர் பெயர். ஒரே வீட்டிலிருந்து நாலு பேர் வந்தால் மூன்று வேறு "குடும்பப் பெயர்கள்" வந்து நிற்கும். போதாததற்கு அந்த நடுச் சாய்கோட்டைச் சில படிவங்கள் ஏற்காமல் சிவப்பு எழுத்தில் திட்டும்.

நான் செய்வது இதுதான். பாஸ்போர்ட்டில் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக இரண்டு வரி இருக்கும் பாருங்கள், இடையிடையே அம்புக்குறி போட்டு. உலக விதிப்படி அங்கே எழுத்து, எண், அந்த அம்புக்குறி மூன்றுக்கு மட்டும்தான் இடம். சாய்கோடு வரவே முடியாது. அங்கே பெயர் எப்படி எந்த வரிசையில் இருக்கிறதோ அப்படியே நிரப்பிவிடுவேன். அதிகாரியின் கருவி படிப்பதும் அந்த வரியைத்தான். குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி நிரப்புங்கள், ஒருவருக்கு அப்பா பெயரை முன்னால், இன்னொருவருக்குப் பின்னால் என்று போடாதீர்கள். மற்றபடி இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சாடாவ் முகப்பில் இருப்பவர்களுக்கு மலேசியப் பெயர்கள் புதிதில்லை. முனியாண்டி ஏ/எல் கருப்பையாவை அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

பெயர் சிக்கல் உண்மையில் எழுவது அம்மா மட்டும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது. அம்மாவின் பாஸ்போர்ட்டுக்கும் பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்கும் ஒட்டாக ஒரு பெயர்கூட இருக்காது. என் கொழுந்தியாள் தன் இரண்டு பையன்களோடு எங்களுடன் வந்திருந்தாள். புருஷனுக்கு சிங்கப்பூரில் வேலை, லீவு கிடைக்கவில்லை. நம் பக்க முகப்பில் முக்காடு போட்ட பெண் அதிகாரி மூன்று பாஸ்போர்ட்டையும் வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாகச் சின்னவனைப் பார்த்து, "பாப்பா மானா?" என்று கேட்டார். அப்பா எங்கே என்கிறார். அவன் கொஞ்சமும் யோசிக்காமல், "கெர்ஜா சிங்கப்பூர்" என்றான். அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே பிறப்புப் பத்திரத்தையும் கேட்டார். கொழுந்தியாள் நகல் வைத்திருந்தாள், அதில் அம்மா பெயர் என்ற இடத்தில் விரலை வைத்து ஒரு தரம் படித்தார், முத்திரை விழுந்தது. அந்த ஒரு தாள் இல்லாமல் போயிருந்தால் எவ்வளவு நேரம் நின்றிருப்போமோ. உங்கள் பயணத்தில் அப்பாவும் வருகிறார் என்றாலும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திர நகலை எடுத்து வையுங்கள், எடை ஒன்றும் கூடாது.

இனி கார். மாமனார் பெயரில் இருக்கிறது என்கிறீர்கள். தாய்லாந்து சுங்கத்தில் கார் உங்களோடு தற்காலிகமாக உள்ளே வருகிறது, திரும்பிப் போகும் என்று பதிவு செய்துகொள்வார்கள். அதற்கு கிராண்ட், அதாவது காரின் பதிவுப் பத்திரம் வேண்டும், ஓட்டுபவர் உரிமையாளர் இல்லை என்றால் உரிமையாளர் கொடுத்த அனுமதிக் கடிதம் வேண்டும். மாமனாரை ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கார் எண், உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், போகும் தேதி, வரும் தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். அவர் ஐசி நகலையும் சேர்த்து வையுங்கள். சத்தியப் பிரமாண ஆணையரிடம் ஒரு முத்திரை வாங்கிவிட்டால் இன்னும் நல்லது. மாமனாரே கூட வந்தால் இந்தத் தலைவலி பாதி போய்விடும், முன்சீட்டையும் அவரே எடுத்துக்கொள்வார், அது உங்கள் பாடு. வங்கிக் கடன் இன்னும் முடியாத கார் என்றால் வங்கியின் கடிதமும் தேவையா என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக் கார் எடுத்துப் போகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், பெரும்பாலான நிறுவனங்கள் எல்லை தாண்ட விடுவதில்லை.

நம் கார் காப்புறுதியைத் தாய்லாந்துக்கும் நீட்டிக்காமல் அங்கே ஓட்டினால் அதனால் பயன் இல்லை. எப்படியும் அந்த நாட்டுச் சட்டம் கேட்கும் கட்டாயக் காப்புறுதி தனி. சங்லூனில், பார்டருக்குப் போகும் சாலையோரம் பலகை வைத்த கடைகள் இதற்காகவே இருக்கின்றன. காப்புறுதியோடு காருக்கும் பயணிகளுக்கும் உரிய தாள்களையும் தட்டச்சு செய்து கொடுத்துவிடுவார்கள். கிராண்ட் நகலும் எல்லாருடைய பாஸ்போர்ட்டும் கேட்பார்கள். இதற்கு மட்டும் நான் தயங்காமல் காசு கொடுப்பேன். காரணம், அந்தத் தாளில் கார் எண்ணில் ஓர் எழுத்து தப்பினாலும் அந்தப் பக்கம் மறுபடி வரிசையின் வாலுக்குப் போக வேண்டும்.

சுங்கத்தில் காருக்குக் கொடுக்கும் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது அதைக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். கொடுக்காமல் வந்தால் அவர்கள் கணக்கில் உங்கள் கார் இன்னும் தாய்லாந்தில்தான் இருக்கும், அடுத்த தடவை போகும்போது அபராதப் பேச்சு எழும். ஓட்டுநர் உரிமம் பற்றிக் கவலை வேண்டாம். ஆசியான் நாடுகள் ஒன்றின் உரிமத்தை மற்றது ஏற்கும் ஒப்பந்தம் 1985-ல் நம் கோலாலம்பூரில்தான் கையெழுத்தானது. சாலையும் நம்மைப் போல இடப்பக்கம்தான்.

நடைமுறை சொல்கிறேன். பட்டர்வொர்த்திலிருந்து வடக்கு நோக்கிப் போகும் பிளஸ் நெடுஞ்சாலை புக்கிட் காயு ஹீத்தாமில் முடிகிறது, அதுதான் பார்டர். நம் பக்கம் முடித்து, அந்தப் பக்கம் போனதும் பயணிகளை இறங்கி வரிசையில் நிற்கச் சொல்வது வழக்கம், ஓட்டுபவர் காரோடு போவார். ஆகவே அவரவர் பாஸ்போர்ட் அவரவர் கையில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு அப்பா காரில் கொண்டுபோய்விட்டால், அம்மாவும் பிள்ளைகளும் வரிசையில் வெறுங்கையோடு நிற்பார்கள். தாய்லாந்து முத்திரை விழுந்ததா, எந்தத் தேதிவரை என்று அங்கேயே நின்று பாருங்கள். தேதி தாண்டித் தங்கினால் ஒரு நாளைக்கு 500 பாட் அபராதம்.

பார்டர் 24 மணி நேரமும் திறந்திருப்பதில்லை. நம் நேரப்படி காலை 6 மணி முதல் நள்ளிரவு 12 வரை. தாய்லாந்து நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால், அங்கே 11 மணிக்கே கதவு மூடும். எல்லையை ஒட்டிய தாய்லாந்து ஊரான டானோக்கில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கைப்பேசி மலேசியக் கோபுரத்தைப் பிடித்து ஒரு நேரமும், தாய்லாந்துக் கோபுரத்தைப் பிடித்து இன்னொரு நேரமும் காட்டும். கையில் பழைய கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். ஏப்ரல் நடுவில் சொங்க்ரான் என்ற தாய்லாந்துப் புத்தாண்டு சமயத்திலும், நம் நீண்ட விடுமுறைகளிலும் விடியற்காலையிலேயே கார்கள் தேங்கிவிடும். காரே வேண்டாம் என்று தோன்றினால் பாடாங் பெசார் வரை ரயிலில் போகலாம். இரு நாட்டுக் குடிநுழைவு முகப்பும் அந்த ஒரே நிலையத்தில் இருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களைச் சயாம்-பர்மா ரயில் பாதை போட ஏற்றிப்போன ரயில்கள் இந்தத் தடத்தில்தான் போயின. அந்த நிலையத்தில் நிற்கும்போது எனக்கு அது நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

கடைசியாக அத்தை. சிவப்பு ஐசி என்றால் நிரந்தரவாசி, குடிமகள் இல்லை. மலேசியப் பாஸ்போர்ட் அவருக்குக் கிடைக்காது. 1948-ல் அவசரகாலத்தில் அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து நம் குடும்பங்களில் இந்தக் கதை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அம்மாவுக்குக் குடிமக்களின் நீல அட்டை, அம்மாவின் அக்காவுக்குச் சிவப்பு, இருவரும் வளர்ந்தது ஒரே தோட்டத்து லயத்தில் என்று எத்தனை வீடு.

அத்தை இந்தியக் குடியுரிமை உள்ளவரா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் இந்தியப் பாஸ்போர்ட் செல்லுபடியாக இருக்க வேண்டும், மலேசியாவுக்குத் திரும்பி நுழைவதற்கான அனுமதியும் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். சிவப்பு ஐசி கையில் இருக்கிறதே என்று நம்பி, அந்த அனுமதியைப் பார்க்காமல் போனால் போவது சுலபம், வருவதுதான் சிக்கல். எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர் என்றால் மலேசியக் குடிநுழைவுத் துறை தரும் தனிப் பயண ஆவணம் ஒன்று உண்டு, அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். அதோடு தாய்லாந்து விசா தேவையா என்பதை பார்டரில் போய்க் கேட்காதீர்கள். ஜார்ஜ்டவுனிலேயே தாய்லாந்துத் துணைத் தூதரகம் இருக்கிறது, அத்தையின் தாள்களை எடுத்துக்கொண்டு ஒரு காலை நேரத்தில் நேரில் போய்க் கேளுங்கள். இந்த வேலைக்கு நாள் பிடிக்கும். விடுமுறை நெருங்கிவிட்டது என்றால் ஹோட்டலுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம், அத்தையின் தாள் கைக்கு வந்த பிறகு கட்டுங்கள்.